மாவுக்கட்டும் மணிக்கட்டும்

தோட்டத் தொழிலாளியின் முதற்பெரும் மூலதனம் அவருடைய இரண்டு கைகளே. பால்மரம் சீவும் வேலையையே எடுத்துக் கொள்வோம். மரத்தின் வெட்டு, இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழ் நோக்கி ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் இறங்குகிறது. ஒரு முறை சீவும்போது எடுக்கப்படும் பட்டையின் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லி மீட்டர்தான். அதற்குக் குறைந்தால் பால் சரிவர வடியாது. மிகுந்தால் பட்டை வீணாகும். கத்தி ஆழ்ந்து, பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய வளர்படையைத் தொட்டுவிட்டால், அவ்விடத்தில் புதுப் பட்டை ஒழுங்காக வளராமல் முண்டும் முடிச்சுமாகத் தடித்துப்போகும். இந்த நுட்பத்தை ஒரு மரத்தில் மட்டுமன்று, ஒரே காலைப் பொழுதில் நிரை நிரையாகச் சில நூறு மரங்களில் காட்டவேண்டியிருக்கிறது. அளவுகோல் ஏதுமின்றி இதனைச் செய்வது எது? கண் வழி காட்டுகிறது; மணிக்கட்டு செய்து முடிக்கிறது.

அத்தகைய மணிக்கட்டு ஒரு நாள் முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டில் அடைபட்டுவிட்டால் என்ன ஆகும்? எந்தெந்த வேலைகள் தடைபடும்? ஏன் தடைபடும்? கட்டு அவிழ்ந்த பின் கை பழைய நிலைக்குத் திரும்புமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லி விடுதல் நலம். மாவுக்கட்டு முறிந்த எலும்பை மட்டுமே காக்கிறது. கையைக் காப்பது கையை உடையவரின் பொறுப்பு.

எதிர்க்கரையில் ஓர் ஊர்

ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையில் பாசிர் ரிஸ் என்னும் ஊர் இருக்கிறது. கம்பங்களும் தோட்டங்களுமாக இருந்த அவ்வட்டாரம், 1980ஆம் ஆண்டுகளில் அடுக்குமாடி வீடுகள் எழுந்து நகரமாயிற்று. பெருவிரைவு ரயில் நிலையம் 1989ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஊரின் கடற்கரைப் பூங்காவில் நின்றால் எதிரே புலாவ் ஊபின் தீவு தெரியும். அத்தீவில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அவற்றின் மரங்களுட் சில இன்றும் காட்டோடு காடாய் நிற்கின்றன.

ரப்பருக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள உறவு பழையது. ரப்பர்க் கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. 1888ஆம் ஆண்டில் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர், மரத்தை மாய்த்துவிடாமல் பட்டையை மெல்ல மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை அங்கேதான் செம்மைப்படுத்தினார். மணிக்கட்டின் நுட்பத்தை நம்பிப் பிறந்த தொழில் நம் தொழில் என்பது இதனால் விளங்கும்.

தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோர் பலர் இன்று சிங்கப்பூரில் வேலை செய்கின்றனர். தோட்டத்தில் இருப்பவர் மழையில் நனைந்த மேட்டுச் சரிவில் வழுக்கி விழுகிறார். அல்லது மோட்டார் சைக்கிளோடு செம்மண் பாதையில் சாய்கிறார். பாசிர் ரிஸ்ஸில் இருப்பவர் பூங்காவின் சைக்கிள் பாதையில் தடுமாறுகிறார். அல்லது ஈரமான குளியலறைத் தரையில் கால் நழுவுகிறார். இடம் வேறானாலும் விழும் முறை ஒன்றே. விழும்போது நம்மை அறியாமலே கையை நீட்டித் தரையில் ஊன்றுகிறோம். உடலின் முழுப் பாரமும் மணிக்கட்டின் மேல் இறங்குகிறது. அப்போது பெரும்பாலும் முறிவது முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பின் கீழ்முனையாகும். இம்முறிவை டப்ளின் நகர மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் 1814ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதியுள்ளார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதோ 1895ஆம் ஆண்டில்தான்.

ஒரு சிறு சோதனை

மணிக்கட்டு ஒரே மூட்டு அன்று. முன்கையின் இரண்டு எலும்புகளும் கூழாங்கற்களைப் போன்ற எட்டுச் சிற்றெலும்புகளும் கூடி அமைந்த கூட்டு அது. விரல்களை மடக்கும் தசைகளுட் பெரியவை கைக்குள் இல்லை; அவை முன்கையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து புறப்படும் தசைநாண்கள் கயிறுகளைப் போல மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குச் செல்கின்றன. ஆகவே மணிக்கட்டு இருக்கும் நிலையைப் பொறுத்தே விரல்களின் வலிமை அமைகிறது.

இதனை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக முழுவதும் மடக்குங்கள். அந்நிலையிலேயே விரல்களை மூடி முட்டி பிடியுங்கள். பிடி இறுகவில்லை அல்லவா? கையில் ஒரு தாளைக் கொடுத்தால்கூடப் பிறர் எளிதில் உருவிக் கொள்வர். இனி மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாகச் சற்றே நிமிர்த்தி முட்டி பிடியுங்கள். பிடி இரும்பாகிவிடும். கத்தியைப் பிடிக்கும்போதும் பால் வாளியைத் தூக்கும்போதும் மணிக்கட்டு தானாகவே இந்நிலைக்கு வருகிறது. மருத்துவர்கள் பெரும்பாலும் மணிக்கட்டைச் சற்று நிமிர்த்திய நிலையில் கட்டுவதற்கு ஒரு காரணம் இதுவே. முறிவின் தன்மைக்கேற்ப நிலை மாறுவதும் உண்டு.

நலமான மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் ஏறத்தாழ 80 பாகையும், புறங்கைப் பக்கம் ஏறத்தாழ 70 பாகையும் வளையும். அன்றாட வேலைகளுக்கு இவ்வளவும் தேவையா? அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 1985ஆம் ஆண்டில் இதனை அளந்தனர். உணவு உண்ணல், உடுத்தல், கருவிகளைக் கையாளல் முதலிய 52 வேலைகளைச் செய்யச் சொல்லிப் பார்த்தனர். உள்ளங்கைப் பக்கம் 5 பாகை, புறங்கைப் பக்கம் 30 பாகை, கட்டைவிரல் பக்கம் 10 பாகை, சுண்டுவிரல் பக்கம் 15 பாகை அசைந்தால், பெரும்பாலான வேலைகளைச் செய்ய முடியும் என்பது அவர்கள் கண்ட முடிவு. கை பழையபடி முழுமையாக வளையாவிட்டாலும் வாழ்க்கை நின்றுவிடாது என்னும் ஆறுதலை இம்முடிவு தருகிறது. ஆயினும் மாவுக்கட்டு இந்தச் சிறிய அசைவையும் பூட்டி விடுகிறது. இன்னல் தொடங்குவது அங்கேதான்.

எந்தெந்த வேலைகள் தடைபடும்?

முழங்கைக்குக் கீழே முடியும் கட்டில் மணிக்கட்டின் அசைவு நிற்கிறது. உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பும் அசைவு குறைகிறது. முழங்கைக்கு மேலும் நீளும் கட்டில் அத்திருப்பமும் அறவே நின்றுவிடுகிறது. சாவியைத் திருகுதல், புட்டி மூடியைத் திறத்தல், துணி பிழிதல் ஆகிய மூன்றும் முதலில் கைவிட்டுப் போகும்.

நம் வீடுகளில் உண்ணும் முறையைக் கவனியுங்கள். சோற்றைப் பிசையும்போது விரல்கள் வேலை செய்கின்றன. கவளத்தை வாய்க்குக் கொண்டு போகும்போது மணிக்கட்டு வளைகிறது. அது வளையாவிட்டால் முழங்கையை உயர்த்தி, தலையைத் தாழ்த்தி, தட்டை நோக்கிக் குனிய வேண்டியிருக்கும். குழம்பும் கட்டில் படியும். எனவே வலக்கையில் கட்டு உள்ளவர், கட்டு அவிழும் வரை இடக்கையால் கரண்டி பிடித்து உண்பதில் குறையொன்றும் இல்லை. கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றித் தடிப்பாக்கிக் கொண்டால் பிடிப்பது எளிதாகும். இடக்கையால் கொடுக்கிறாரே, வாங்குகிறாரே என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கடிந்து கொள்ளலாகாது. இடக்கையில் கட்டு உள்ளவருக்கோ கால் கழுவுவது இடர்ப்பாடாகும். நீர்க்குழாயோடு கூடிய சிறு தெளிப்பான் அவருக்கு உதவும்.

பெண்களின் துன்பம் இன்னும் பெரிது. சேலைக் கொசுவம் மடித்தல், ரவிக்கைக் கொக்கி மாட்டுதல், தலை பின்னுதல், தேங்காய் துருவுதல், மாவு பிசைதல் ஆகிய யாவும் இரண்டு மணிக்கட்டுகளையும் கேட்கும் வேலைகள். பாசிர் ரிஸ் போன்ற அடுக்குமாடி ஊர்களில் மற்றொரு வேலையும் உண்டு. ஈரத் துணிகளை நீண்ட மூங்கிற் கழியில் மாட்டி, சன்னலுக்கு வெளியே நீட்டி உலர்த்துவது அங்குப் பல வீடுகளின் வழக்கம். நனைந்த துணிகளோடு கழியை நீட்டும்போது நெம்பும் பாரம் முழுவதும் மணிக்கட்டில் விழும். கட்டுப் போட்ட கையால் இதனைச் செய்யவே கூடாது. கழி நழுவினால் கீழே நடப்போருக்கும் ஆபத்து. மோட்டார் சைக்கிளும் அப்படியே. ஒரு கையால் முறுக்கவோ தடுப்பைப் பிடிக்கவோ இயலாதவர் வண்டி ஓட்டுவது, அடுத்த முறிவைத் தேடிக்கொள்வதாகும்.

கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. மணிக்கட்டு செய்யாத வேலையைத் தோளும் முழங்கையும் ஏற்றுக் கொள்கின்றன. தட்டை எடுப்பதற்கும் தோள் உயர்கிறது. தலை வாருவதற்கும் உடல் சாய்கிறது. சில நாள்களில் 'உடைந்தது கை, வலிப்பது தோள்' என்னும் நிலை வருகிறது. அடிக்கடி ஓய்வு கொள்வதும், பொருள்களை இடுப்பு உயரத்தில் எட்டும்படி வைத்துக் கொள்வதும் இவ்வலியைக் குறைக்கும்.

சுளுக்கு என்று விட்டுவிடாதீர்

கையூன்றி விழுந்தவர் பலர், "சுளுக்குத்தான், தைலம் போட்டு உருவினால் சரியாகிவிடும்" என்கின்றனர். 'விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்னும் போக்கு இதில் உதவாது. கட்டைவிரலை நன்றாக விரித்துத் தூக்கினால், அதன் அடியில் மணிக்கட்டின் ஓரமாக ஒரு சிறு குழி தெரியும். விழுந்த பின் அக்குழியில் அழுத்தும்போது வலித்தால், படகு எலும்பு என்னும் சிற்றெலும்பு முறிந்திருக்கக் கூடும். அவ்வெலும்பிற்கு இரத்தம் பெரும்பாலும் விரற்பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கிப் பாய்கிறது. நடுவில் முறிந்தால் மறுமுனைக்கு இரத்தம் குறைந்து, எலும்பு ஒட்டாமலே போகலாம். முதல் எக்ஸ்ரே படத்தில் இம்முறிவு தெரியாமல் இருப்பதும் உண்டு. ஆகையால்தான் மருத்துவர் கட்டுப் போட்டுவிட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடியும் வரச் சொல்கிறார். "முன்னரே ஒன்றுமில்லை என்றார்களே" என்று போகாமல் இருந்துவிட்டால், பின்னாளில் மணிக்கட்டு தேய்ந்து கத்தி பிடிக்கும் வலிமையே குன்றிவிடும்.

நாட்டுக் கட்டைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டு தமிழகத்தில் பெயர் பெற்றது. நம்மிடையிலும் எலும்பு கட்டுவோர் இருந்து வந்துள்ளனர். அவர்களுடைய கைத்திறனைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் முறிந்த எலும்பு நேராக நிற்கிறதா என்பதைப் படம் பிடிக்காமல் அறிய இயலாது. மேலும், வீங்கும் கையை மூங்கிற் பத்தைகளால் இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று, கையையே இழக்க நேரிடலாம்.

கட்டோடு இருக்கும் காலத்தில்

மாவுக்கட்டு என்பது பாரிஸ் சாந்து தோய்ந்த துணிச் சுருள்தான். டச்சு இராணுவ மருத்துவர் அந்தோனியுஸ் மதைசன் 1850ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இதனை வழக்கத்திற்குக் கொண்டு வந்தார். இன்று எடை குறைந்த கண்ணாடி இழைக் கட்டும் போடப்படுகிறது. எதுவாயினும் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் இவை:

1. கை வீங்கத் தொடங்குமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி விடுங்கள். பின்னர் கழற்ற முடியாது.

2. முதல் இரண்டு மூன்று நாள் கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வையுங்கள். படுக்கும்போது தலையணையின் மேல் வையுங்கள்.

3. மாவுக்கட்டு மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும், உள்ளே உலர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் அழுத்தவோ, கடினமான இடத்தில் ஊன்றவோ கூடாது.

4. கட்டை நனைக்காதீர்கள். குளிக்கும்போது பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள். கண்ணாடி இழைக் கட்டும் வெளியே நனையாவிட்டாலும் உள்ளே உள்ள பஞ்சு நனையும், தோல் புண்ணாகும்.

5. அரிப்பெடுத்தால் ஈர்க்குச்சியோ ஊசியோ உள்ளே விடாதீர்கள். கட்டை நீங்களே வெட்டித் தளர்த்தவும் கூடாது.

6. எல்லாவற்றிலும் முதன்மையானது இது: கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை மணிக்கு ஒரு முறையேனும் முழுவதும் மடக்கி, முழுவதும் நீட்டுங்கள். மருத்துவர் தடுக்காவிடின் முழங்கையை மடக்கி நீட்டுங்கள். தோளைத் தலைக்கு மேல் தூக்குங்கள்.

இந்த ஆறாவது விதியை மறப்பவரே பலர். கையைத் தூக்குக் கட்டில் தொங்கவிட்டு, விரலும் அசையாமல் ஆறு வாரம் கழிப்பவருக்கு எலும்பு ஒட்டிவிடும். ஆனால் விரல்கள் மரக்கட்டையாகி இருக்கும். தோளும் உறைந்து போயிருக்கும். பல மாதம் வருந்திப் பெற வேண்டியதை, நாளுக்குப் பத்து நிமிடத்தில் காத்துக் கொள்ளலாமே! விரலடி மூட்டுகள் மடங்காதபடி கட்டு உள்ளங்கையில் நீண்டிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். அவ்வாறு கேட்பது அதிகப் பிரசங்கித்தனம் ஆகாது.

விரல்கள் நீலமாகவோ வெளுத்தோ போதல், மரத்துப் போதல், நாளுக்கு நாள் கூடும் வலி, விரலை நீட்டினால் பொறுக்க முடியாத வேதனை, கட்டிலிருந்து துர்நாற்றம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பாசிர் ரிஸ் வாசிகளுக்குப் பலதுறை மருந்தகம் ஊரிலேயே உண்டு. அவசரத்துக்குச் சீமெயில் உள்ள சாங்கி பொது மருத்துவமனை அருகில் இருக்கிறது. தோட்டத்தில் இருப்போர், இரவானாலும் வண்டி ஏற்பாடு செய்து அரசாங்க மருத்துவமனையை அடைய வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் தசைகள் மீளாமல் போகலாம்.

கட்டு அவிழ்ந்த பின்

ஆரை எலும்பு முறிவுக்குப் பெரும்பாலும் ஆறு வார அளவில் கட்டு எடுக்கப்படும். படகு எலும்பிற்கு இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். கட்டை அறுக்கும் கருவி அதிர்ந்து அறுப்பது, சுழன்று அறுப்பதன்று. ஆகையால் அஞ்ச வேண்டா.

வெளிவரும் கையைக் கண்டு பலர் திடுக்கிடுவர். தோல் உரிந்திருக்கும், முன்கை மெலிந்திருக்கும், மணிக்கட்டு வளையாது. இவை இயல்பே. இளஞ்சூடான நீரில் கையை வைத்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல அசையுங்கள். ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையை மேலாகவும் கீழாகவும் திருப்புங்கள். பின்னர் ஈரத் துணியைப் பிழிந்து பழகுங்கள். பிடியின் வலிமை திரும்பச் சில மாதங்கள் பிடிக்கும். அளவுக்கு மீறிய எரிச்சலும் வீக்கமும் வியர்வையும் தொடர்ந்தால் மருத்துவரிடம் கூறுங்கள்.

பயிற்சியின் பெருமைக்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணி ஏற்றார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு அவர் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி அறுவை செய்தார். அறுவைக்குப் பின் கைக்குக் கட்டுப் போடப்பட்டது. கட்டு அவிழ்ந்ததும் ஒவ்வொரு விரலுக்கும் புதிதாகப் பாடம் கற்பிப்பதுபோல் பயிற்சி அளிக்கப்பட்டது. கத்தியும் கட்டும் பாதி வேலையையே செய்தன; மீதியைப் பயிற்சி செய்தது. பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட கைகள் மீண்டும் தொழில் செய்தன.

விடுப்பும் உரிமையும்

கை ஆறுமுன் நிரைக்குத் திரும்புவோர் பெரும்பாலும் சம்பளத்தை எண்ணியே திரும்புகின்றனர். மலேசியாவில் 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொக்சோ சந்தாதாரர் வேலையிடத்திலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ காயமுற்றால் உதவித் தொகை உண்டு. மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாதிருப்பின், கணக்கிடப்படும் நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். விபத்தை முதலாளி 48 மணி நேரத்தில் அறிவிக்க வேண்டும். ஆகவே விழுந்த அன்றே தண்டலிடமும் அலுவலகத்திலும் சொல்லிப் பதிவு செய்வது இன்றியமையாதது. சிங்கப்பூரில் வேலை செய்வோர்க்கு 2019ஆம் ஆண்டு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் உண்டு. மருத்துவமனையில் தங்காதவருக்கு முதல் 14 நாள் விடுப்புக்கு முழுச் சம்பளமும், அதன்பின் விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கும் பெற அது வழிசெய்கிறது.

மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எளிய வேலை தருமாறு மருத்துவர் எழுதியிருந்தால் அதனைக் காட்டிக் கேளுங்கள். பால்மரப் பட்டை ஒருமுறை காயப்பட்டால் அது ஆறப் பல ஆண்டு செல்லும் என்பதை அறிந்த நாம், அம்மரத்துக்குக் காட்டும் பொறுமையை நம் கைக்கும் காட்டுவோமாக. கட்டு இருக்கும் வரை விரல்களை உறங்க விடாமலும், கட்டு அவிழ்ந்தபின் அவசரப்படாமலும் இருப்போமாயின், கத்தி பிடித்த கை மீண்டும் கத்தி பிடிக்கும்.